ஐந்தெழுத்தை உரித்த கதை

என்னுடைய மோட்டார் சைக்கிளை என் தங்கையின் மகனுக்குக் கொடுத்துவிடுவதென்று கடந்த மாதம் முடிவாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்திருக்கும் பிள்ளை. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில்தான் தங்கியிருக்கிறான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதையடுத்து இந்த நாட்டில் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு ஏறிய விலையை வாசகர்கள் அறிவார்கள். 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின்னரும் முதற்சம்பளக்காரன் ஒருவனுக்குப் புதிய வண்டி எட்டாத சங்கதிதான். எனக்கோ முதுகு ஒத்துழைக்க மறுத்துச் சில காலமாகிறது. ஓட்டோவிலேயே அலுவலகம் போய் வருகிறேன்.

வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த மருமகன் ஒரேயொரு வேண்டுகோளை மட்டும் வைத்தான்.

“மாமா, எஞ்சின் எல்லாம் நல்லா இருக்கு. உந்த ஸ்டிக்கருகளை மட்டும் எடுத்துப்போட்டுத் தாங்கோ. பெயின்ற் பழுதாகாமல் எடுக்கலாமோ?”

எடுக்கலாம் என்றேன். எப்படி எடுப்பதென்று எனக்குத் தெரியும். எப்படி எடுக்கக் கூடாதோ அப்படி ஒருமுறை எடுத்துப் பார்த்தவன் நான் என்பதை அப்போது அவனுக்குச் சொல்லவில்லை.

அது ஒரு ஹொண்டா சி.டி.125. ஜப்பானில் எவரோ ஓட்டிக் கழித்து, கப்பலேறி வந்து, மறுசீரமைக்கப்பட்ட வண்டி என்ற பெயரில் 2003 இல் என் கைக்கு வந்தது. பேராதனையில் வரலாறு படித்துவிட்டுப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த எனக்கு அதுவரை பஸ்ஸும் கால்நடையுமே வாகனம். வாங்கும்போது எஞ்சின் குறை சொல்ல முடியாததாகவும் பெற்றோல் தாங்கி ஓரிடத்தில் நெளிந்து துருப்பிடித்ததாகவும் இருந்தன. பஞ்சிகாவத்தையில் வேறு தாங்கி தேடலாமென்று போனேன். அங்கே கிடைக்காத உதிரிப்பாகம் உலகத்தில் எங்கும் கிடைக்காது என்பது கொழும்பு நம்பிக்கை. அன்று எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஆகவே இருந்த தாங்கியையே தட்டி நிமிர்த்தி வர்ணம் பூசுவதற்காக ஆமர் வீதிப் பக்கத்தில் சிறு கராஜ் வைத்திருந்த ஒரு நானாவிடம் கொடுத்தேன். (கொழும்பில் முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் நானா என்றே அழைப்போம். வெளியூர் வாசகர்களுக்காக இக்குறிப்பு.) பக்க மூடிகளில் ஜப்பானியத் தொழிற்சாலையின் பூச்சு நன்றாகவே இருந்தமையால் அவற்றை அவர் தொடவில்லை. தாங்கிக்கு மட்டும் அதற்கு இணையான ஒரு கருஞ்சிவப்பைக் கலந்து அடித்துத் தந்தார். எந்த வெளிச்சத்தில் பார்த்தாலும் இரண்டும் ஒரே நிறம். ஆனால் ஒரே பூச்சல்ல. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

தாங்கியின் வலப்பக்கத்தில் வெள்ளை எழுத்தில் ‘பிரஸ்’ என்று ஆங்கிலத்தில் ஸ்டிக்கர் ஒட்டியது 2004 இன் தொடக்கத்தில். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏ-9 வீதி திறந்து, நாடு ஒருவகையாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்த காலத்தின் கடைசிப் பகுதி அது. கூட்டங்களுக்குப் போகவும், நீதிமன்ற வளாகத்தில் வண்டியை நிறுத்தவும், மழையில் வீதியை மறித்து நிற்கும் பொலிஸாரிடம் கெஞ்சாமல் கடந்துபோகவும் அது உதவிற்று. சைவ வீட்டில் பிறந்த எனக்கு ஏற்கனவே ஓர் ஐந்தெழுத்து உண்டு. ஆங்கிலத்தில் எண்ணினால் இதுவும் ஐந்தெழுத்து. வீட்டை விட்டுப் புறப்படும்போது ஒன்று, வீதித் தடையை நெருங்கும்போது மற்றையது என்று நண்பர்களிடம் பகிடி விடுவேன். ‘ஊடகம்’ என்று தமிழில் எழுதி ஒட்டலாமே என்று ஒருவர் கேட்டார். தமிழ் எழுத்தைத் தாங்கியில் ஒட்டிக்கொண்டு கொழும்பில் இரவில் வண்டியோட்டும் துணிவு அந்தச் சமாதான காலத்திலும் எனக்கு இருக்கவில்லை. சிங்களத்தில் ‘மாத்ய’ என்று ஒட்டியிருந்த நண்பர்களும் உண்டு. நான் ஆங்கிலத்தில் ஒதுங்கிக்கொண்டேன்.

பின்னர் காலம் மாறியது. 2005 ஏப்ரல் 28 ஆம் திகதி இரவு பம்பலப்பிட்டியில் வைத்துக் கடத்தப்பட்ட தராக்கி சிவராமின் உடல் மறுநாள் பாராளுமன்றத்துக்கு அண்மையில் கண்டெடுக்கப்பட்டது. 2006 ஜனவரி 24 ஆம் திகதி திருகோணமலையில் சுகிர்தராஜன் சுடப்பட்டார். அதே ஆண்டு நவம்பர் 10 ஆம் திகதி நாரஹேன்பிட்டியில் பாராளுமன்ற உறுப்பினர் ரவிராஜ் சுட்டுக்கொல்லப்பட்டபோது, சுட்டவர் மோட்டார் சைக்கிளில் தப்பிச் சென்றதாகச் செய்தி எழுதினோம். அதன்பின் கொழும்பில் மோட்டார் சைக்கிளில் செல்லும் தமிழ் ஆண் எவனாயினும் அவனை இருமுறை திரும்பிப் பார்த்தார்கள். எங்களுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நாங்களும் திரும்பிப் பார்த்தோம். வெள்ளை வானைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

‘பிரஸ்’ என்ற சொல்லுக்கு அந்நாட்களில் இரண்டு வேலைகள் இருந்தன. சோதனைச்சாவடியில் ஒரு படையினர் அதைப் பார்த்துப் போகச் சொல்வார். அடுத்த சாவடியில் நிற்பவர் அதைப் பார்த்துத்தான் ஓரமாக நிறுத்தச் சொல்வார். எந்தப் பத்திரிகை, எந்த மொழி, சொந்த ஊர் எது, பொலிஸ் பதிவு எங்கே என்று வரிசையாகக் கேள்விகள் வரும். தகவல் திணைக்களம் வழங்கிய அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தால் காட்டவேண்டிய இடத்தில் மட்டும் காட்டலாம். தாங்கியில் ஒட்டியிருப்பதோ எல்லோருக்கும் எந்நேரமும் காட்டிக்கொண்டிருப்பது.

2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய இடங்களிலுள்ள விடுதிகளில் தங்கியிருந்த வடக்கு, கிழக்குத் தமிழர் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பிலிருந்து வெளியேற்றினார்கள். பெரும்பாலானோர் வவுனியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மறுநாளே உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்ததும், அரசாங்கம் வருத்தம் தெரிவித்ததும், பலர் திரும்ப அழைத்து வரப்பட்டதும் வரலாறு. அந்த அதிகாலையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த விடுதி வாசலில், பையொன்றைக் கட்டிப்பிடித்தபடி பஸ்ஸில் ஏறிய ஒரு வயோதிபப் பெண்ணை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளிநாட்டிலிருக்கும் மகனிடம் செல்வதற்கு விசாவுக்காகக் காத்திருந்தவர் என்று விடுதிக்காரர் சொன்னார். குறிப்பேட்டை வெளியே எடுக்கவில்லை. வண்டியை ஒரு சந்துக்குள், ஸ்டிக்கர் உள்ள வலப்பக்கம் சுவரைப் பார்த்திருக்கும்படி நிறுத்திவிட்டு வந்திருந்தேன். நடந்து திரும்பும்போதுதான் அதை நான் எண்ணிச் செய்திருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

அன்றிரவு அச்சுக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு வீடு வர ஒரு மணியாயிற்று. மனைவி விழித்திருந்தாள்.

“உதை இண்டைக்கே எடுங்கோ” என்றாள். எதையென்று நான் கேட்கவில்லை.

பின்வளவில் அவள் டோர்ச் பிடிக்க, முகச்சவர பிளேட்டால் எழுத்துகளைச் சுரண்டத் தொடங்கினேன். மூன்று ஆண்டு வெயிலில் காய்ந்த ஸ்டிக்கர் உரிந்து வரவில்லை. மீன் செதில்போலத் துகள் துகளாகத் தெறித்தது. பசை மட்டும் அப்படியே நின்றது. வண்டியின் தாங்கியிலிருந்தே பெற்றோல் எடுத்துத் துணியில் நனைத்துத் தேய்த்தேன். துணி சிவந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கவேண்டும். முன்னர் கதவுக்கு வர்ணம் பூசியபோது மிஞ்சிய தின்னர் போத்தல் ஒன்று ஞாபகத்துக்கு வந்து, அதையும் ஊற்றித் தேய்த்தேன். இரண்டரை மணிக்கு வேலை முடிந்தது. கைவிரலிலும் ஒரு வெட்டு.

காலையில் வெளிச்சத்தில் பார்த்தேன். தாங்கி பால் தெளித்ததுபோல் மங்கியிருந்தது. அதில் குறுக்கும் நெடுக்குமாகப் பிளேட் கீறல்கள். அவை போதாதென்று, நடுவில் ஐந்து எழுத்துகளும் அப்படியே இருந்தன. முன்பு வெள்ளையாக இருந்தவை இப்போது நல்ல கருஞ்சிவப்பில். சுற்றியிருந்த நிறமெல்லாம் மூன்று ஆண்டு வெயிலில் வெளிறிவிட்டது. ஸ்டிக்கரின் கீழே வெயில் படாத இடம் மட்டும் 2004 இல் இருந்தபடி இருந்தது. தூரத்திலிருந்தே வாசிக்கலாம்.

நானாவிடம் கொண்டுபோனேன். அவர் தாங்கியைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“பிளேட்டால சுரண்டினீங்களா தம்பி? தின்னரும் போட்டீங்களா?”

“ஓம் நானா.”

“அப்ப இதுக்கு மிச்சமா என்ன போட இருந்தீங்க?”

ஏன் எடுத்தேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் அந்த ஆண்டில் கொழும்பில் எவருக்கும் இருக்கவில்லை. பதிலாக, ஒரு பிளேன்ரீ வரவழைத்துத் தந்துவிட்டு, எனக்குப் பாடம் எடுத்தார். நான்கு வருடப் பல்கலைக்கழகப் படிப்பில் கிடைத்ததைவிட உருப்படியான பாடம். இங்கே பதிந்து வைக்கிறேன், எவருக்காவது உதவும்.

முதலில் பூச்சு எதுவென்று அறியவேண்டும். தொழிற்சாலையில் சூட்டில் வேகவைத்த பூச்சும், இப்போது கராஜ்களில் இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் பூச்சும் இறுகினால் இறுகியதுதான். தின்னரில் எளிதில் கரைவதில்லை. பழைய வகை என்.சி. பூச்சு அப்படியல்ல. அது காய்வதென்பது அதிலுள்ள தின்னர் ஆவியாகிப் போவது மட்டுமே. எத்தனை ஆண்டு கழித்துத் தின்னர் பட்டாலும் மீண்டும் இளகும். என் பக்க மூடிகள் முதல் வகை, தாங்கி இரண்டாம் வகை. கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் சிறிது தின்னரைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் நிறம் துணிக்கு வருகிறதா என்று பார்த்தே இதை அறிந்துவிடலாம். வந்தால் தின்னர், அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி எதுவும் கிட்டே வரக்கூடாது. பெற்றோலும் பூச்சை மங்கச் செய்யும்.

இரண்டாவது சூடு. ஸ்டிக்கரின் பசை சூட்டில் இளகும். பிளாஸ்டிக் படலமும் சூட்டில் வளைந்துகொடுக்கும். குளிர்ந்திருந்தால்தான் அது செதிலாக உடையும். கொழும்பு வெயிலில் நண்பகலில் அரைமணி நேரம் வண்டியை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. பக்க மூடிகளுக்குத் தலைமயிர் உலர்த்தும் ஹெயார் டிரையர் பிடிக்கலாம், கை வைத்தால் பொறுக்கக்கூடிய சூடுவரைக்கும். பெற்றோல் தாங்கிக்கு அது கூடாது. ஆவி இருக்கும் இடத்தில் மின்சாரச் சூட்டுக்கம்பி என்ன செய்யும் என்று சொல்லவேண்டியதில்லை. அதற்குச் சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துவாயைப் போட்டு, ஆற ஆற மாற்றவேண்டும்.

மூன்றாவது கை. விளிம்பை நகத்தாலோ பழைய தொலைபேசி அட்டையாலோ கிளப்பவேண்டும், உலோகம் எதனாலும் அல்ல. கிளப்பிய நுனியை மேல்நோக்கி இழுத்தால் பூச்சும் சேர்ந்து கிளம்பும். அதை ஸ்டிக்கரின் மேலேயே மடித்து, பரப்போடு பரப்பாக, மெதுவாகப் பின்னோக்கி இழுக்கவேண்டும். “பிள்ளைக்குக் காயத்துப் பிளாஸ்டர் கழட்டுற மாதிரி இல்ல தம்பி. அது வெடுக்கெண்டு இழுக்கணும். இது தூங்கிற பிள்ளைட கையில இருந்து பொம்மைய எடுக்கிற மாதிரி” என்றார் நானா. மிஞ்சும் பசைக்குத் தேங்காய் எண்ணெய். பஞ்சில் ஊறவைத்து ஒட்டி, இரவு முழுக்க விட்டு, காலையில் பெருவிரலால் உருட்டினால் அழுக்குப்போல் திரண்டு வரும். மண்ணெண்ணெயும் உதவும், ஆனால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடவேண்டும்.

கடைசியாக ரப்பிங் கம்பவுண்ட். அது மங்கலை நீக்குவது பூச்சின் மேல்தோலைத் தேய்த்து எடுப்பதனால். ஆகவே ஒவ்வொரு தடவையும் பூச்சு மெலிகிறது. விளிம்புகளில் முதலில் வெள்ளை தெரியத் தொடங்கும்.

“இந்த எழுத்து போகுமா?” என்று கேட்டேன்.

“போகாது. சுத்தி இருக்கிற இடத்தத் தேச்சு இதோட சமப்படுத்தப் பாக்கலாம். நீங்க சுரண்டினதில அங்க தேக்க ஒண்டும் மிச்சமில்ல. முழுசா அடிக்கணும்.”

முழுவதும் அடிக்க அவர் சொன்ன தொகை அந்த மாதம் என்னிடம் இருக்கவில்லை. அவரே ஒரு வழியும் சொன்னார். மேலே வேறொன்றை ஒட்டிவிடுவது.

தானாக ஒட்டும் முத்திரைகளை வணிகப் பொருளாக்கியவர் ஸ்டான்டன் ஏவரி என்ற அமெரிக்கர் என்று பின்னொருநாள் படித்தேன். 1935 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு வைத்த பெயர் ‘கம் கிளீன்’. சுத்தமாகக் கழன்று வரும் என்று பொருள். ஒட்டுவதைவிடக் கழற்றுவதையே பெருமையாகச் சொல்லி விற்ற மனிதர். அவருடைய முத்திரைகள் கடைகளின் விலைச்சீட்டுகளுக்கானவை. எங்கள் ஊர்த் தேவைகள் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தின் வெளிவாசலருகே படமும் மெழுகுதிரியும் விற்கும் கடையொன்றில் நீளமான அந்தோனியார் ஸ்டிக்கர் ஒன்றை வாங்கினேன். கொட்டாஞ்சேனையில் சைவர் வீட்டு வாகனத்தில் அந்தோனியார் இருப்பது எவருக்கும் புதினமல்ல. செவ்வாய்க்கிழமைகளில் அந்த ஆலயத்துக்குப் போகும் கூட்டத்தில் எந்தச் சமயத்தவர் இல்லை! குழந்தையை ஏந்திய அந்தோனியார் ஐந்து எழுத்துகளையும் மறைத்துக்கொண்டு சரியாகப் பொருந்தினார்.

எங்கள் ஆசிரியபீடத்தில் என் மேசைக்கு எதிரே இருந்த மட்டக்களப்பு இளைஞன் ஒருவன் தன் வண்டியிலிருந்த ஸ்டிக்கரை எடுக்கவில்லை. 2008 ஜனவரி முதலாம் திகதி, பாராளுமன்ற உறுப்பினர் மகேஸ்வரன் எங்கள் பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலிலேயே சுட்டுக்கொல்லப்பட்ட செய்தியைச் சேகரிக்க எனக்கு முன் அங்கே நின்றவன் அவன். சில வாரங்களின் பின் ஒரு சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டு, பகல் முழுவதும் ஒரு பொலிஸ் நிலையத்தில் இருத்தப்பட்டான். மாலையில் விடுவிப்பதாகத் தகவல் வந்தது. அழைத்துவர நான்தான் போனேன். பின்னால் ஏறுவதற்குமுன் வண்டியின் வலப்பக்கத்தைச் சற்று நேரம் பார்த்தான்.

“அண்ணன், அந்தோனியார் நல்ல இடத்தில இருக்கார்” என்றான்.

அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை நிச்சயமில்லை. நான் பதில் சொல்லவில்லை. இரு மணி நேரம் முன்னர் அதே சாவடியை அந்தோனியாரோடு நான் எந்தக் கேள்வியுமின்றிக் கடந்து வந்திருந்தேன். 2009 ஜனவரி 8 ஆம் திகதி லசந்த விக்கிரமதுங்க காரில் அலுவலகம் செல்லும் வழியில், மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்களால் தாக்கிக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு நடுப்பகுதிக்குள் அவனும் நாட்டைவிட்டு வெளியேறினான். விமான நிலையத்துக்குப் போகுமுன் தன் வண்டியை எங்கோ விற்றான். ஸ்டிக்கரோடுதான்.

போர் முடிந்தபின் நான் அதை மீண்டும் ஒட்டியிருக்கலாம். ஒட்டவில்லை. பழகிவிட்டது என்பதற்கு மேல் இதற்குச் சொல்ல என்னிடம் காரணம் எதுவுமில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, கொச்சிக்கடை ஆலயத்தில் குண்டு வெடித்த சத்தத்தில் எங்கள் வீட்டு யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த வண்டியில்தான் போனேன். அங்கே கண்டதை அப்போதே பத்திரிகையில் எழுதிவிட்டேன். மீண்டும் எழுதும் எண்ணமில்லை. இங்கே சொல்லவந்தது பத்துப் பதினைந்து நாட்களுக்குப் பிந்திய ஒன்றை.

பிரேக் சரிபார்க்க நானாவின் கராஜுக்குப் போனேன். தகரக் கதவு பாதி இறக்கியிருந்தது. உள்ளே வாடிக்கையாளர் எவருமில்லை. நானா ஒரு சிறு முக்காலியில் தன்னுடைய ஸ்கூட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டியின் முகப்பில் பச்சை நிறத்தில் ‘786’ என்றும் அதன்கீழே அரபு எழுத்திலும் ஒரு ஸ்டிக்கர் எத்தனையோ ஆண்டுகளாக இருந்தது. அதன்மேல் எண்ணெயில் ஊறிய பஞ்சு ஒட்டியிருந்தது. ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, மடித்து, அங்குலம் அங்குலமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டு எழவில்லை. நானும் இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“மகள் சொல்லிட்டா, எடுங்க வாப்பா எண்டு” என்றார். சற்றுக் கழித்து, “ரெண்டு நாளா எண்ணெய் போட்டு ஊற வச்சிருக்கேன். அவசரப்பட்டா பெயின்ட் போயிரும்” என்றார்.

அது முழுதாக வந்தது, ஓரிடத்திலும் கிழியாமல். பூச்சில் ஒரு கீறல் இல்லை. கீழே அந்த மூன்று எண்களும் எழுத்தும் கொஞ்சம் கூடுதல் பச்சையாகத் தெரிந்தன. அவர் அதன்மேல் கம்பவுண்டைப் பூசித் தேய்க்கத் தொடங்கினார். உரித்த ஸ்டிக்கரைக் கீழே போடவில்லை. மேசை லாச்சியில் பழைய ரசீதுகளின் மேல் விரித்து வைத்தார். நான் பிரேக்கைப் பற்றிச் சொல்லாமலேயே திரும்பி வந்துவிட்டேன். நானா இப்போது இல்லை. கராஜ் இருந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்று இருக்கிறது.

மூன்றாவது ஸ்டிக்கர் 2022 இல் வந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எரிபொருள் வரிசைகளில் நாட்டுமக்கள் இரவு பகலாகக் கிடந்தபின், அந்த ஆண்டு ஜூலையில் கியூ.ஆர். குறியீடு வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர். தொலைபேசி பற்றரி செத்துவிடுமோ என்ற பயத்தில் குறியீட்டை அச்சிட்டுப் பக்க மூடியில் ஒட்டியிருந்தேன். 2023 செப்டம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டும் அது அங்கேயே கிடந்தது. என் வாழ்க்கையில் நான் ஒட்டிய ஸ்டிக்கர்களில் எந்த அச்சமுமின்றி எல்லோருக்கும் காட்டியது அது ஒன்றுதான்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை மருமகனும் நானும் வேலையைத் தொடங்கினோம். கியூ.ஆர். ஸ்டிக்கர் தொழிற்சாலைப் பூச்சின் மேல் இருந்ததால் ஹெயார் டிரையர் பிடித்த மூன்றாவது நிமிடம் ஒரே துண்டாக வந்துவிட்டது. பையனுக்கு உற்சாகம். தாங்கிக்கும் அதையே பிடிக்கப் போனவனைத் தடுத்து, வண்டியை முற்றத்து வெயிலில் நிறுத்தி, துவாயும் சுடுநீரும் கொண்டுவரச் செய்தேன். அந்தோனியார் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். எளிதில் அசையவில்லை. நாலைந்து முறை துவாய் மாற்றியபின் ஒரு விளிம்பு இளகிற்று. அவனை இழுக்க விடாமல் நானே இழுத்தேன். ஓரிடத்தில் படலம் உடைந்தது. மற்றப்படி வந்துவிட்டது. பசைக்குத் தேங்காய் எண்ணெய் போட்டு அடுத்த நாள்வரை விட்டோம்.

திங்கள் மாலை வேலையால் வந்தவன் எண்ணெயைத் துடைத்துவிட்டுக் கூப்பிட்டான்.

“மாமா, இதில என்னவோ எழுதியிருக்கு.”

கைத்தொலைபேசி வெளிச்சத்தைத் தாங்கியின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்திருந்தான். தேய்ந்த கல்வெட்டை வாசிக்க இப்படித்தான் சாய்வான ஒளி வேண்டுமென்று பேராதனையில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அவனுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தான். பிறகு கீறல்களை விரலால் தடவினான்.

“ஆர் இப்பிடிச் சுரண்டினது?”

“நான்தான்.”

“ஏன்?”

2007 இல் அவனுக்கு நான்கு வயது. நான் முழுவதையும் சொன்னேன், விடுதி வாசலையும் சந்துக்குள் நிறுத்திய வண்டியையும் சேர்த்து. சமையலறையிலிருந்து வந்த மனைவியும் நின்று கேட்டாள். “நான்தான் எடுக்கச் சொன்னனான்” என்று மட்டும் இடையில் சொன்னாள். அதைப் பற்றி நாங்கள் இருவரும் அதுவரை ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

எழுத்து தெரியும்படி ஒரு படம் எடுத்து, இப்போது சுவிற்சர்லாந்தில் இருக்கும் அந்த மட்டக்களப்பு நண்பனுக்கு அனுப்பினேன். வெகுநேரம் பதிலில்லை. இரவு பதினொரு மணிக்கு வந்தது: “எடுத்திட்டீங்க எண்டுதானே நினைச்சேன், அண்ணன்.”

தாங்கியைப் புதிதாக அடித்துத் தருகிறேன் என்று மருமகனிடம் சொன்னேன். இப்போது அதற்குப் பணம் ஒரு தடையல்ல. அவன் இரண்டு நாள் யோசித்துவிட்டு வேண்டாமென்றான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, அடிக்கக் கொடுத்தால் ஒரு கிழமை வண்டியில்லாமல் இருக்கவேண்டும் என்றான். மெல்லிய கம்பவுண்டால் ஒரு தரம் மட்டும் தேய்த்தோம். மங்கல் குறைந்தது. நேராகப் பார்த்தால் எதுவும் தெரியாது. சாய்ந்து பார்த்தால் எல்லாம் தெரியும்.

நேற்று அவன் கையில் ஒரு புதிய ஸ்டிக்கர். ஏதோ காற்பந்தாட்டக் கழகத்தினது. அந்த இடத்திலேயே ஒட்டப்போகிறானாம். ஒட்டுவதற்குமுன் அதில் கொஞ்சம் மெழுகு பொலிஷ் பூசித் துடைத்துக்கொள்ளச் சொன்னேன். பிடி சற்றுத் தளர்வாக இருக்கும், எடுக்கும்போது இலகு.

“நான் ஏன் மாமா எடுக்கப்போறன்?” என்றான்.

பொலிஷ் டப்பா மேல்தட்டில் இருக்கிறது என்றேன்.